எந்தக் கரை

காரைக்குடி, இரண்டாயிரத்து நாற்பத்தைந்து.
நாலடிக்கு ஆறடித் தாளில்
மன்றக் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறோம்.
குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம்,
தொழில் ஊதா, விவசாயம் பச்சை.
பச்சைக்குள் நிலம் வைத்திருந்த எல்லோருமே
மஞ்சள் கேட்டார்கள்.
கழனிவாசல்காரர் ஒருவர் தைலமரத் தரிசுக்கு
நலங்கு வைக்கக் கேட்பதுபோல்
கொஞ்சமாவது மஞ்சள் என்றார்.

ஆட்சேபணைக்கு அறுபது நாள்.
முப்பத்தேழு பங்காளிகள் உள்ள ஒரு வீட்டிலிருந்து
முப்பத்தெட்டு மனு.
ஒருவர் இரண்டு தரம் எழுதியிருந்தார்,
இடிக்கச் சொல்லி ஒன்று,
இடிக்கக் கூடாதென்று ஒன்று.

வேலைவாய்ப்பு அத்தியாயத்தைத் தட்டச்சு செய்தது நான்தான்.
ஊதாவுக்குள் பன்னிரண்டாயிரம் பேர்
காலையில் வேலைக்குப் போகிறார்கள்.
எந்த பஸ்ஸில் என்று கேட்டேன்.
அது போக்குவரத்து அத்தியாயம் என்றார் ஆலோசகர்.

அறுபதாம் நாள், சாப்பாட்டு நேரத்தில்
பொன்னழகி வந்தார்.
தேவகோட்டை ரஸ்தாவில் தார்ப்பாய் தைப்பவர்.
லாரிக்கு, நெல் மூட்டைக்கு,
பந்தலுக்கு, சில சமயம் பிணவண்டிக்கு.
ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பு.
அந்த விரலால் தாளில் தன் கடையைத் தேடினார்.
அறுபதடிச் சாலையின் ஓரக்கோடு
கடைமேல் படுத்திருந்தது.

"கோட்டுக்கு ரெண்டு கரை இருக்கே சார்,
எந்தக் கரை நெசம்?"

சிரித்துவிட்டேன்.
அவர் போன பிறகு கணக்குப் போட்டேன்.
ஒன்றுக்கு நாலாயிரம் அளவு.
அரை மில்லிமீட்டர் கோடு
தரையில் இறங்கினால் இரண்டு மீட்டர்.
ஒரு தையல் மிஷின், ஒரு முக்காலி,
பாயைச் சுருட்டி வைக்கும் மூலை,
தண்ணீர்க் குடம்.
இருபத்து மூன்று வருடமாகக் கோடு போடுகிறேன்.
கோட்டுக்கும் அகலம் உண்டென்று
இதுவரை யாரும் மனு கொடுத்ததில்லை.

டேப்போடு போனோம், நானும் சர்வேயர் சொர்ணலிங்கமும்.
எல்லைக் கல்லைக் காணோம்.
அரை மணி தேடினோம்.
மீன்கடைக்காரர் அதில்தான்
கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

கடைக்குள் சுவரில்
நீலப் பெயிண்டில் மூன்று கோடு.
கெண்டைக்கால் உயரத்தில் ஒன்று,
முழங்காலில் ஒன்று,
அதற்கும் ஒரு சாண் மேலே ஒன்று.
பக்கத்தில் வருடங்கள்.
மூன்றாவது கோட்டுக்கு ஒரு செங்கல் மேலே
மேடையில் நின்றது மிஷின்.

"மேலூரணி நெறஞ்சா கலுங்கு தாண்டி
கீழூரணிக்கு இந்த வழியாத்தான் எறங்கும்.
ரோட்டை எங்க வேணும்னாலும் போடுங்க.
அடியில தண்ணிக்கு ஒரு வாய் விடுங்க."

எங்கள் தாளிலும் அந்த இடம் நீலம்தான்.
வணிக நீலம்.

சொர்ணலிங்கம் டேப்பைச் சுருட்டவில்லை.
பழைய வரைபடத்தை விரித்து
தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்,
பிறகு நேராக.
"ஓடை இருந்திருக்கு" என்றார்,
தன் மேலேயே புகார் சொல்கிறவர் மாதிரி.

குறிப்பில் எழுதினேன்:
மூன்று மீட்டர் சிறுபாலம் அமைக்கலாம்.
'லாம்' என்பதை அடித்துவிட்டு
'வேண்டும்' என்று திருத்தினேன்.
கோப்பு சிவகங்கை போய்த் திரும்பி வந்தபோது
'லாம்' மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தது,
பச்சை மையில், சுருக்கொப்பத்தோடு.

நானூற்றுப் பதினோரு மனுவுக்கும்
பதிவேட்டில் பதில் எழுதியாயிற்று,
ஒன்றைத் தவிர.
மனுதாரர் பெயர், சர்வே எண், கோரிக்கை.
கோரிக்கைக் கட்டத்தில்: எந்தக் கரை.
பதில் கட்டம் காலி.
தணிக்கைக்காரர் வருவார், கேட்பார்.

ஐப்பசி பிறந்து நாலு நாள் ஆகிறது.
நேற்று ரஸ்தா வழியாகத்தான் வந்தேன்.
மேகம் திரண்டிருந்தது.
லாரிக்காரர்கள் பாய்க்கு வரிசையில் நின்றார்கள்.
பொன்னழகி தலை நிமிரவில்லை.
மேடையில் மிஷினுக்குக் கீழே
இன்னும் ஒரு செங்கல் ஏறியிருந்தது.